கொடை முடிந்த மறுநாள்



சென்ற வருடம் தரம் பத்து மாணவிகளுக்கு ஓர் ஒப்படை கொடுத்தேன். "உங்கள் வீட்டிலுள்ள மிகப் பழைய புகைப்படத்தைப் பார்த்து, அதைப் பற்றிப் பத்து வரி எழுதி வாருங்கள்" என்பதுதான் ஒப்படை. இலகுவான வேலை என்று நினைத்தே கொடுத்தேன். மறுவாரம் கொப்பிகள் மேசைக்கு வந்தபோதுதான் அது எவ்வளவு கடினமான கேள்வி என்று விளங்கியது.

பெரும்பாலான பிள்ளைகள் எழுதியிருந்தது 2010 க்குப் பிறகு கைபேசியில் எடுத்த படங்களைப் பற்றி. சிலர் புத்தளத்து முகாமில் எடுத்த படங்களைப் பற்றி எழுதியிருந்தார்கள். ஒருத்தி, தன் மூத்தவாப்பாவின் அடையாள அட்டையிலிருந்து பெருப்பித்த முகத்தைப் பற்றி எழுதியிருந்தாள். இன்னொருத்தியின் கொப்பியில் இப்படி இருந்தது: "எங்கள் வீட்டில் பழைய படம் இல்லை. நீராவிப்பிட்டி வீட்டு அலுமாரியில் இருந்ததாக உம்மும்மா சொல்வார்." மிச்ச ஒன்பது வரியும் உம்மும்மா சொன்ன அந்தப் படத்தைப் பற்றியது.

1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது கையில் எடுத்துச் செல்ல அனுமதிக்கப்பட்டவை மிகக் குறைவு. அல்பம் எடுக்க யாருக்கு நினைவு வந்திருக்கும்? பத்தொன்பது வருடங்களின் பின், 2009 இல், கிளிநொச்சியிலிருந்தும் முல்லைத்தீவிலிருந்தும் இடம்பெயர்ந்து வந்த தமிழ்க் குடும்பங்களும் அவ்வாறே வந்தன. வன்னியில் இரண்டு சமூகத்தாரும் இழந்த பொருட்களுக்குப் பட்டியல் போட்டால் வீடு, காணி, மாடு, நகை எல்லாம் வரும். படம் கடைசியில்தான் வரும். சில வேளை வராமலே போகும். ஆனால் வீட்டைத் திரும்பக் கட்டலாம். வபாத்தான ஒருவரின் படத்தைத் திரும்ப எடுக்க முடியாது.

அந்தக் கொப்பிகளைத் திருத்திய இரவு, நமது ஊரில் ஒரு சிறிய புகைப்பட நிலையம் இருந்தால் என்ன என்ற எண்ணம் வந்தது. மிஞ்சிய படங்களைப் பிரதி எடுத்து வைக்கவும், நமது பிள்ளைகள் கமெரா பிடிக்கக் கற்கவும், வருடத்துக்கு ஒரு கண்காட்சி வைக்கவும் ஓர் இடம். அதற்குப் பணம் எங்கிருந்து வரும் என்று தேடப் போய் நான் கற்றுக்கொண்டவையே இந்தக் கட்டுரை.

எங்கள் வீட்டுப் படம்

முதலில் எங்கள் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். பாடம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

என் உம்மும்மா 1990 இல் கொண்டுவந்தது ஒரே ஒரு படம். முல்லைத்தீவில் தம் வாப்பா கடை வாசலில் நிற்கும் கறுப்பு வெள்ளைப் படம். பிறப்புச் சான்றிதழ்களோடு ஒரு பிளாஸ்டிக் பையில் இருந்ததால் தப்பியது. பல வருடங்களின் பின் ஒரு திட்டத்தின் பேரில் சில இளைஞர்கள் வீடு வீடாக வந்து, இடம்பெயர்ந்தோரின் பழைய படங்களைச் சேகரித்தார்கள். கண்காட்சிக்கு வைத்துவிட்டுத் திருப்பித் தருவோம் என்றார்கள். உம்மும்மா கொடுத்துவிட்டார். பற்றுச்சீட்டு கேட்கவில்லை, அவர்களும் கொடுக்கவில்லை. கண்காட்சி நடந்தது. படம் வரவில்லை. அவர்கள் தந்த தொலைபேசி இலக்கம் சில மாதங்களில் இயங்காமல் போனது.

அவர்கள் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் நினைக்கவில்லை. நடந்தது வேறு. திட்டத்துக்கு வந்த பணம் ஒரு திகதியில் முடிந்தது. வேலைக்கு வந்த பிள்ளைகள் வேறு வேலைகளுக்குப் போனார்கள். வாடகைக்கு எடுத்த அறை திரும்ப ஒப்படைக்கப்பட்டது. படங்கள் இருந்த பெட்டிக்குப் பொறுப்பாக ஒருவரும் மிஞ்சவில்லை. உம்மும்மா கண்மூடும் வரை, "படம் வந்ததா மகள்?" என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஆகவே புகைப்பட நிலையம் ஒன்றைப் பற்றி நினைக்கும்போது, பணம் எப்படிக் கிடைக்கும் என்பதோடு, பணம் முடிந்த மறுநாள் படங்கள் யார் கையில் இருக்கும் என்பதையும் சேர்த்துக் கேட்கப் பழகினேன்.

கொடை என்பது என்ன?

உலகில் கலை, கல்வி, ஆவணப் பாதுகாப்பு போன்றவற்றுக்குப் பணம் வழங்கும் அமைப்புகள் பல உள்ளன. மன்றம், அறக்கட்டளை, நிதியம் என்று பல பெயர்களில் அவற்றை அழைக்கிறோம். இங்கே நிதியம் என்றே சொல்கிறேன். அவை வழங்கும் பணமே கொடை.

கொடையைக் கடனோடும் ஸதக்காவோடும் குழப்பக்கூடாது. கடனைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடையைத் திருப்பிக் கொடுக்கத் தேவையில்லை. ஸதக்காவைக் கொடுத்தவர் அதன்பின் கணக்குக் கேட்பதில்லை. கொடை கொடுத்தவர் கேட்பார். கொடை ஓர் ஒப்பந்தம். இன்ன வேலையை, இன்ன காலத்துக்குள், இன்ன செலவில் செய்வோம் என்று எழுதிக் கையொப்பமிட்டே அதைப் பெறுகிறோம். ஸ்கேனர் வாங்கத் தந்த பணத்தில் கதிரை வாங்க முடியாது. வாங்க வேண்டுமென்றால் முன்கூட்டியே எழுதி அனுமதி பெற வேண்டும். நமது மொழியில் சொன்னால், அது அமானிதம்.

பணமும் ஒரே தடவையில் வருவது அரிது. தவணையாக வரும். முதல் தவணைக்குரிய வேலையையும் கணக்கையும் காட்டினால்தான் அடுத்தது வரும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, கொடைக்கு முடிவுத் திகதி உண்டு. ஒரு வருடம், இரண்டு வருடம், மிஞ்சினால் மூன்று வருடம். படத்துக்கு அப்படியொரு திகதி இல்லை. இந்த இரண்டு காலங்களுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தில்தான் பல நல்ல முயற்சிகள் விழுந்துபோகின்றன. விழாமல் நின்றவை எப்படி நின்றன என்று பார்ப்போம்.

கொழும்பு: ஒரு வீடு அரங்கான கதை

கொழும்பில் லயனல் வென்ட் அரங்கு என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நாடகம் பார்க்கும் இடம் என்றே பலரும் அறிவர். அது ஒரு புகைப்படக் கலைஞரின் பெயர்.

லயனல் வென்ட் 1900 இல் கொழும்பில் பிறந்தவர். சட்டம் படித்தவர், பியானோ வாசிப்பதில் தேர்ந்தவர், பின்னர் கமெராவின் பக்கம் முழுதாகச் சாய்ந்தவர். 1934 இல் வெளியான "சோங் ஒஃப் சிலோன்" என்ற ஆவணப் படத்தின் பின்னணிக் குரல் அவருடையது. இலங்கையின் நவீன ஓவியர்களை ஒன்று சேர்த்த 43 குழு, 1943 இல் உருவானபோது அதன் பின்னால் நின்றவரும் அவரே. அடுத்த வருடமே, 44 வயதில் காலமானார். அவரது படங்கள் 1950 இல் இலண்டனில் நூலாக வெளிவந்தன.

அவர் வாழ்ந்த வீடு இருந்த நிலத்தில், அவரது பெயரிலான நினைவு நிதியத்தின் கீழ் 1953 இல் அரங்கு திறக்கப்பட்டது. பின்னர் காட்சிக்கூடமும் சேர்ந்தது. இன்றும் அது இலாப நோக்கின்றி இயங்குகிறது. நாடகக் குழுக்கள் மண்டபத்துக்கு வாடகை கொடுக்கின்றன. ஓவியர்களும் புகைப்படக்காரர்களும் காட்சிக்கூடத்தை எடுக்கிறார்கள்.

இந்த ஏற்பாடு நமக்குப் புதியதா? பள்ளிவாசலுக்கு வக்ஃபு செய்யப்பட்ட கடைகளை நினைத்துப் பாருங்கள். கடையை விற்க முடியாது. அதன் வாடகையில் பள்ளியின் விளக்கு எரிகிறது. இலங்கையில் வக்ஃபு சொத்துகளுக்கென 1956 ஆம் ஆண்டின் 51 ஆம் இலக்கச் சட்டமே இருக்கிறது. முதலைத் தொடாமல் வருமானத்தை மட்டும் செலவிடும் முறை நமது பாட்டன் காலத்திலிருந்தே நமக்குத் தெரியும். கலை நிலையத்துக்கும் அதே கணக்குப் பொருந்தும் என்பதைத்தான் கொழும்பு காட்டுகிறது.

தமிழ்நாடு: பெட்டிக்குள் கிடந்த முகங்கள்

எல்லோரிடமும் கொழும்பு நிலம் இல்லை. அடுத்த உதாரணம் வெறும் கொடையில் நடந்த வேலை.

தமிழ்நாட்டின் சிற்றூர்களிலெல்லாம் கறுப்பு வெள்ளைக் காலத்து ஸ்டூடியோக்கள் இருந்தன. டிஜிட்டல் கமெரா வந்ததும் அவை ஒவ்வொன்றாக மூடின. கண்ணாடித் தட்டுகளும் நெகடிவ்களும் ஈரத்திலும் கறையானிலும் அழிந்தன. பழைய சாமான்காரனிடமும் போயின. 1955 முதல் இயங்கிவரும் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இந்த ஸ்டூடியோக்களைத் தேடிப் போய், படங்களை டிஜிட்டல் பிரதி எடுக்கத் தொடங்கினார்கள். அதற்குக் கொடை வழங்கியது பிரித்தானிய நூலகத்தின் அழிந்துவரும் ஆவணங்கள் திட்டம். 2004 இல் தொடங்கிய அந்தத் திட்டத்துக்கு ஆர்க்கேடியா என்ற நிதியம் பணம் தருகிறது.

இந்தத் திட்டத்தின் விதிகளில் இரண்டு விடயங்கள் என்னைக் கவர்ந்தன. முதலாவது, மூலப்படம் அதன் சொந்த நாட்டைவிட்டு வெளியே போகக்கூடாது. பிரதி மட்டுமே எடுக்கப்படும். அந்தப் பிரதியின் ஒரு தொகுதி உள்ளூர் நிறுவனத்தில் இருக்கும், இன்னொரு தொகுதி நூலகத்தில் இருக்கும். இரண்டாவது, பெரிய கொடைக்கு முன் சிறிய முன்னோடிக் கொடை ஒன்று உண்டு. ஒரு வருடத்துக்குள், எந்த வீட்டில் என்ன இருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது என்று கணக்கெடுத்துக் காட்டுவதற்கே பணம் தருகிறார்கள். என்ன இருக்கிறது என்று தெரியாமல் பெரும்பணம் கேட்பது வீண் என்பதை அவர்கள் அறிந்திருக்கிறார்கள்.

இந்த விதி எங்கள் வீட்டுக்கு வந்த இளைஞர்களிடம் இருந்திருந்தால், உம்மும்மாவின் படம் அன்றே வாசலில் வைத்துப் பிரதி எடுக்கப்பட்டு, அவர் கையிலேயே திரும்பியிருக்கும்.

சென்னையில் வேறொரு வழியைக் காணலாம். சென்னைப் புகைப்பட இருவருட விழா, கோத்தே நிறுவனத்தோடு சேர்ந்து 2016 இல் தொடங்கியது. சொந்தக் கட்டடத்துக்காகக் காத்திராமல், நகரத்தின் பொது இடங்களையும் பழைய மண்டபங்களையும் காட்சிக்கூடமாக்கினார்கள். அதை நடத்தும் இலாப நோக்கற்ற அமைப்பு, விழா இல்லாத காலத்தில் பாடசாலைப் பிள்ளைகளுக்குப் புகைப்படம் கற்பிக்கிறது. பணத்தைச் சுவருக்குச் செலவழிக்காமல் பிள்ளைகளுக்குச் செலவழிக்கலாம் என்பது இங்கு கிடைக்கும் பாடம்.

டாக்கா: யாருடைய சுவரில் தொங்குகிறது?

மூன்றாவது உதாரணம் பங்களாதேசத்திலிருந்து. இலண்டனில் இரசாயனவியலில் கலாநிதிப் பட்டம் பெற்ற ஷஹிதுல் ஆலம், நாடு திரும்பி 1989 இல் டாக்காவில் திரிக் என்ற படநூலகத்தைத் தொடங்கினார். வறிய நாடுகளின் படங்களை வெளிநாட்டார் வந்து எடுத்து உலகுக்குக் காட்டுவது போதும், நமது கதையை நாமே எடுப்போம் என்பது அவரது எண்ணம். 1998 இல் பாட்ஷாலா என்ற புகைப்படப் பள்ளி தொடங்கியது. அதன் ஆரம்பத்துக்கு நெதர்லாந்தின் வேர்ல்ட் பிரெஸ் போட்டோ நிதியத்தின் பயிற்சிப் பட்டறை கைகொடுத்தது. பட்டறை முடிந்தது, பள்ளி இன்றும் நடக்கிறது. அங்கு பயின்ற தஸ்லிமா அக்தர் என்ற பெண், 2013 இல் ரானா பிளாசா ஆடைத் தொழிற்சாலைக் கட்டடம் இடிந்து ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தபோது எடுத்த படம் உலகெங்கும் பார்க்கப்பட்டது.

திரிக் கொடையை மட்டும் நம்பவில்லை. படங்களை விற்றது, அச்சு வேலை செய்தது, சொந்தக் காட்சிக்கூடம் கட்டியது. அதன் பயன் அவர்களது முதலாவது சொபி மேளா விழாவில் தெரிந்தது. 1971 போரைப் பற்றிய கண்காட்சி தேசிய அரும்பொருளகத்தில் நடக்க இருந்தது. சில படங்களை எடுத்துவிடும்படி கேட்கப்பட்டது. அவர்கள் படங்களை எடுக்காமல், கண்காட்சியையே தங்கள் காட்சிக்கூடத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். சொந்தச் சுவர் இருந்ததால்தான் அது முடிந்தது.

கொடை தருபவர் எப்போதும் வாய்திறந்து இதைக் காட்டாதே என்று சொல்வதில்லை. பெறுபவர்தான், அடுத்த தவணை வராமல் போய்விடுமோ என்ற பயத்தில் தாமாகவே சில படங்களைப் பெட்டிக்குள் வைத்துவிடுவார். வன்னி போன்ற இடத்தில் இந்த ஆபத்து அதிகம். முஸ்லிம்களின் படத்துக்கு ஒரு நிதியம், தமிழரின் படத்துக்கு இன்னொரு நிதியம் என்று போனால், ஒரே கடைத்தெருவில் இரண்டு சமூகத்தாரும் சேர்ந்து நின்ற படத்துக்கு யார் பொறுப்பு?

விண்ணப்பத்தில் கேட்கப்படுபவை

நானும் சில சக ஆசிரியர்களும் சேர்ந்து ஒரு விண்ணப்பம் எழுதினோம். கட்டடம், கணினி, கமெரா, குளிரூட்டி என்று நீண்ட பட்டியல் போட்டோம். அது நிராகரிக்கப்பட்டது. பதில் கடிதத்தில் இருந்த ஒரு கேள்வி என்னைச் சுட்டது: "மூன்றாம் வருடம் இந்தக் குளிரூட்டியின் மின் கட்டணத்தை யார் செலுத்துவார்?" எங்களிடம் பதில் இல்லை. பிழை எங்களுடையதே.

அதன்பின் கற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் அமைப்புக்குச் சட்டப் பதிவு வேண்டும். இலங்கையில் 1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டத்தின் கீழ்ப் பதியலாம். 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகவும் பதியலாம். தனியாள் கணக்குக்குப் பணம் கேட்கக்கூடாது. அமைப்பின் பெயரில் வங்கிக் கணக்கும், இருவர் கையொப்பமும், வருடாந்தக் கணக்காய்வும் இருக்க வேண்டும்.

பின்னர் விண்ணப்பம் ஆறு கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும்:

1. என்ன பிரச்சினை? யாருக்கு?
2. நாம் என்ன செய்வோம்?
3. ஏன் நாம் செய்ய வேண்டும்? நமக்கு அந்த ஊரோடு என்ன உறவு?
4. எந்த மாதம் எந்த வேலை?
5. எவ்வளவு செலவு? ஏன் அவ்வளவு?
6. கொடை முடிந்தபின் என்ன நடக்கும்?

முதல் ஐந்துக்கும் பதில் எழுத ஒரு வாரம் போதும். ஆறாவதுக்குப் பதில் எழுத எங்களுக்கு ஒரு வருடம் போதவில்லை.

செலவுக் கணக்கை நூறு ரூபாயாக வைத்து விளங்கிக்கொள்வோம். படங்களைப் பிரதி எடுக்கும் சிறு திட்டம் ஒன்றுக்கு நான் போடும் கணக்கு இது: வேலை செய்வோரின் சம்பளம் 40, ஸ்கேனரும் கணினியும் 25, வீடு வீடாகப் போகும் பயணம் 10, அமிலமற்ற உறைகளும் பெட்டிகளும் 10, கணக்காய்வும் நிருவாகமும் 10, எதிர்பாராச் செலவு 5. பொருளுக்கு அதிகமும் ஆளுக்குக் குறைவும் போடுவதே புதியவர்கள் விடும் தவறு. ஸ்கேனர் தானாக ஒரு வீட்டு வாசலில் போய் அமர்ந்து, "இந்தப் படத்தில் இடது பக்கம் நிற்பவர் யார்?" என்று கேட்காது. அதைக் கேட்டு எழுத ஒரு மனிதர் வேண்டும். பெயர் எழுதப்படாத படம் பாதி இழந்த படம்.

யாருடைய படம்?

பெற்றோர் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி: "எங்கள் வீட்டுப் பெண்களின் படம் யார் யார் கண்ணுக்கோ போகாதா?" நியாயமான கேள்வி. நிலையம் ஒன்று திறக்கும் முன்னரே இதற்குப் பதில் இருக்க வேண்டும்.

ஒரு படத்தில் மூவருக்குப் பங்கு உண்டு: எடுத்தவர், படத்தில் இருப்பவர், வைத்திருப்பவர். எடுத்தவரின் உரிமையை 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் பாதுகாக்கிறது. படத்தில் இருப்பவரின் மானத்தை நாம்தான் பாதுகாக்க வேண்டும். ஆகவே அனுமதிப் படிவத்தில் மூன்று படிகள் இருக்கட்டும். பிரதி எடுத்துப் பாதுகாக்க மட்டும் அனுமதி. ஊர்க் கண்காட்சியில் வைக்க அனுமதி. இணையத்தில் போட அனுமதி. குடும்பம் முதலாவதோடு நிறுத்திக்கொள்ளலாம். பின்னர் மனம் மாறினால் திரும்பப் பெறவும் வழி இருக்க வேண்டும். படிவம் தமிழில், உம்மாமார் வாசித்து விளங்கக்கூடிய எழுத்தில் இருக்க வேண்டும். வாசிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டிய பின்னரே கையொப்பம் வாங்க வேண்டும்.

பெண் பிள்ளைகள் கமெரா கற்பதன் பயனும் இங்கேதான். நமது கல்யாண வீடுகளில் பெண்கள் பகுதியைப் படமெடுக்கப் பெண் படப்பிடிப்பாளர் தேடி அலைகிறோம். கிடைப்பதில்லை. பழைய படங்களைப் பார்க்க வீட்டுக்குள் போய், மூத்தம்மாமாரோடு பாயில் இருந்து கதை கேட்கவும் பெண் பிள்ளைகளால்தான் முடியும்.

மறுநாள் கணக்கு

இப்போது அந்த ஆறாவது கேள்விக்கு வருவோம். உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போடுகிறேன். ஒரு சிறிய நிலையத்தின் மாதச் செலவு, பகுதிநேரப் பொறுப்பாளர் ஒருவர், மின்சாரம், பிரதிகள் வைக்கும் வன்தட்டு எல்லாம் சேர்த்து 60,000 ரூபாய் என்று வைப்போம். இரண்டு கடை அறைகள் நிலையத்துக்கு வக்ஃபாகக் கிடைத்து, ஒவ்வொன்றும் 20,000 ரூபாய் வாடகை தந்தால் 40,000 வரும். கடவுச்சீட்டு, அடையாள அட்டைப் படங்கள் எடுத்தும், பழைய படங்களைத் திருத்திக் கொடுத்தும் 12,000 ரூபாய் உழைக்கலாம். மிச்சம் 8,000. வெளிநாட்டிலும் கொழும்பிலும் உள்ள நமது ஊரவர் எட்டுப் பேர் மாதம் ஆயிரம் ரூபாய் தந்தால் கணக்கு நேராகிறது.

இந்தக் கணக்கில் கொடை எங்கே? எங்கும் இல்லை. அதுதான் சரி. கொடை, ஸ்கேனர் வாங்கவும், முதல் இரண்டு வருடம் படங்களைத் தேடவும், பிள்ளைகளைப் பயிற்றவும் பயன்படட்டும். அன்றாட விளக்கை எரிக்க அது வேண்டாம். கிணறு வெட்ட வெளியூர்க்காரன் உதவலாம். தினமும் தண்ணீர் அள்ளுவது வீட்டுக்காரர் வேலை.

அதுவும் முடியாவிட்டால், நிலையம் மூடினாலும் படங்கள் அநாதையாகாமல் இருக்க, முதல் நாளே ஓர் ஒப்பந்தம் எழுதலாம். 2005 இல் தன்னார்வலர்களால் தொடங்கப்பட்ட நூலகம் நிறுவனம் ஈழத்துத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் பல்லூடக ஆவணங்களையும் இணையத்தில் பாதுகாத்து வருகிறது. அத்தகைய ஓர் இடத்தில், குடும்பங்கள் சம்மதித்த பிரதிகளுக்கு இரண்டாவது வீடு ஒன்றை முன்னரே தேடி வைப்பது புத்தி.

இப்போதே செய்யக்கூடியவை

மாணவிகளே, நிலையம் வரும்வரை படங்கள் காத்திரா. வன்னியின் மாரி ஈரமும் கறையானும் எந்த நிதியத்தின் பதிலுக்கும் காத்திருப்பதில்லை. இந்த விடுமுறையில் இவற்றைச் செய்யுங்கள்:

1. வீட்டிலுள்ள பழைய படங்களை ஒட்டும் தாள் அல்பத்திலிருந்து மெதுவாக எடுத்து, ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகித உறையில் வையுங்கள். ஒட்டிக்கொண்ட படத்தை இழுக்க வேண்டாம். லமினேட் செய்யவே வேண்டாம்.
2. படத்தின் பின்புறம், ஓரத்தில், மென்மையான பென்சிலால் பெயர், ஊர், ஆண்டு எழுதுங்கள். பேனா வேண்டாம்.
3. ஸ்கேனர் கிடைத்தால் 600 புள்ளித் திறனில் பிரதி எடுங்கள். இல்லாவிட்டால் பகல் வெளிச்சத்தில், நிழல் விழாமல், கைபேசியை நேராகப் பிடித்து எடுங்கள். இரண்டு வேறு இடங்களில் சேமியுங்கள்.
4. உங்கள் உம்மும்மாவிடமோ மூத்தவாப்பாவிடமோ படத்தைக் காட்டிக் கேட்டு, அவர் சொல்வதை அவர் சொல்லும் சொற்களிலேயே எழுதுங்கள்.
5. மூலப்படத்தை யார் கேட்டாலும் வீட்டுக்கு வெளியே கொடுக்காதீர்கள். பிரதி எடுக்க வருபவரை வீட்டுக்குள் அழையுங்கள். பற்றுச்சீட்டும் கேளுங்கள்.

அதிபர் அவர்களின் அனுமதியோடு, நமது நூலகத்தின் ஓர் அலுமாரித் தட்டில் ஒரு பதிவேடு வைத்திருக்கிறோம். படத்தின் இலக்கம், வீட்டுக்காரர், படத்தில் இருப்போர், எடுத்த இடம், ஆண்டு, அனுமதி என்று ஆறு நிரல்கள். படம் இல்லாதவர்களும் எழுதலாம். தரம் பத்து மாணவியின் கொப்பியில் இருந்து அதைக் கற்றுக்கொண்டேன்.

அந்தப் பதிவேட்டின் முதலாவது இலக்கம் எங்கள் வீட்டுடையது. "முல்லைத்தீவு. கடை வாசலில் நிற்கும் ஒருவர். வெள்ளைச் சாரம், தலையில் தொப்பி, இடது கை கதவில். படம் தற்போது கையில் இல்லை." இரண்டாவது இலக்கத்தை அந்த மாணவி எழுதினாள். மூன்றாவதிலிருந்து படங்கள் வரத் தொடங்கியிருக்கின்றன.